தரையில் ஒரு துளை

ஜனவரி 4, 2022

பண்டமாரானில் அக்கா வீட்டில் இருக்கிறோம். தாமான் ஸ்ரீ மூடா வீட்டில் சேற்றை வழித்தாகிவிட்டது, வாடைதான் போகவில்லை. டிசம்பர் 18 அன்று வெள்ளத் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் துளையிலிருந்து கொப்பளித்தது. அம்மாவை மாடிக்கு ஏற்றிவிட்டு இறங்குவதற்குள் ஐஸ் பெட்டி மிதந்தது. வெளியே கார் மூழ்கிவிட்டது.

ஜனவரி 7

அரசாங்கம் தரும் 1,000 வெள்ளி வெள்ள நிவாரணத்துக்கு மனு கொடுத்தோம். வரிசையில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

ஜனவரி 11

அத்தான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். "தண்ணி வந்தா வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போயிடலாம், வா" என்று தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார். லோரியின் அடிச்சட்டத்தில் வீடு கட்டுகிறார்கள். போன அக்டோபரில் கோவிட் கட்டுப்பாடு தளர்ந்து மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி வந்ததிலிருந்து வேலை ஓயவில்லை என்றார் போர்மேன் அண்ணன்.

சுவர் இரண்டு விரல் கனம். வெளியிலும் உள்ளிலும் ஃபைபர், நடுவே நுரைப் பலகை. பசை தடவி, காற்றை உறிஞ்சி அழுத்தி ஒட்டுகிறார்கள். கைவிரலால் தட்டிக் காட்டினார். சத்தம் எங்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டுமாம். ஓரிடத்தில் மாறினாலும் அங்கே பசை பிடிக்கவில்லை, நாளைக்கு அதில்தான் மழைநீர் இறங்கும்.

"எடைதான் தங்கச்சி எல்லாம். இந்த லோரிக்கு மொத்தம் இவ்வளவுதான்னு ஒரு கணக்கு இருக்கு. மீறினா புஸ்பகோம் வாகனச் சோதனையில நிக்காது." 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பாரமானதெல்லாம் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். மேலே ஏறினால் வளைவில் வண்டி சாயும். 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மூன்று மணி நேரம் ஓடினால் அதிகம்.

கேஸ் தோம்பு வைக்கும் பெட்டியைத் திறந்தார். அடியில் ஒரு துளை, அதன் வழியே சிமெண்டுத் தரை தெரிந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "இதை ஏன் மூடாம விட்டிருக்கீங்க அண்ணே?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"மூடக் கூடாதும்மா. சமையல் கேஸ் காத்தைவிட கனம். கசிஞ்சா மேலே போகாது, தரையில படியும். போக வழி இல்லேன்னா ஒரு பொறி போதும்."

துளைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். கீழிருந்து வெறும் காற்று வந்தது.

ஜனவரி 12

தூக்கம் இல்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966 முதல் இந்த வண்டிகளைக் கட்டுகிறது என்று படித்தேன். அங்கே மக்கள் ஆலையைச் சுற்றிப் பார்க்கலாமாம். எல்லாப் படங்களிலும் வண்டி ஏதாவது ஏரிக்கரையில்தான் நிற்கிறது.

ஜனவரி 14

பொங்கல். அக்கா வீட்டு வாசலில் வைத்தோம். அம்மா பால் பொங்கும்போது குரல் கொடுக்கவில்லை.

ஜனவரி 16

ஸ்ரீ மூடாவிலிருந்து அம்மியைக் கொண்டு வந்தோம். கட்டில், அலமாரி, சாமிப் படங்கள் எல்லாம் குப்பை லோரியில் போயின. அம்மி வைத்த இடத்திலேயே இருந்தது. தோட்டத்தை விற்று லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது பாட்டி தூக்கி வந்தது. அம்மா பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் பொளிக்குள் இருந்த சேற்றை எடுத்துக்கொண்டிருந்தார். "அந்த வண்டியில இதுக்கு இடம் இருக்கான்னு கேட்டியா?" என்றார். அத்தான் சிரித்தார். அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

ஜனவரி 22

வயர்மேன் ஸ்ரீ மூடா வீட்டைப் பார்க்க வந்தார். கீழ்த்தளத்து பிளக் எல்லாவற்றையும் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றச் சொன்னேன். மெயின் பெட்டியை மாடிக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்றும் கேட்டேன். கேட்கவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் சொன்ன தொகைக்கு நிவாரணப் பணம் போதாது.

ஜனவரி 23

வண்டிக்கான வங்கிக் கடன் படிவம் மேசைமேல் கிடக்கிறது. அத்தான் பாதி நிரப்பிவிட்டார். "இதை வாங்கி எங்கே நிறுத்துவது அத்தான்?" என்று கேட்டேன். வீட்டு வாசலில்தான் என்றார். எந்த வீட்டு வாசல் என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வயர்மேன் திங்கட்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்.