எடைச் சீட்டில் வேறொரு வண்டி

"சார், இது என் வண்டியே இல்ல." லாரி ஓட்டுநர் நீட்டிய எடைச் சீட்டில் எண் அவருடையது, படமோ முன்னால் போன வண்டியுடையது. படப்பையில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோர எடை மேடை அது. பின்னால் ஜல்லி வண்டிகள் வெயிலில் நின்றன.

மேஜைக்கடியில் லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி. "நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா இப்படி ஆகுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்" என்று பிளக்கை நோக்கிக் குனிந்தார் மேடைக்காரர். பழுது பார்க்க வந்த நான் தடுத்தேன். அணைத்தால் தடயம் போய்விடும்.

கர்னல் பதிவில் இருந்தது: மெமரி ஒதுக்க முடியவில்லை, ஆர்டர் 6. அதாவது 4 கிலோபைட் பக்கங்கள் 64, ஒட்டினாற்போல். மொத்தம் 256 கிலோபைட். காலி மெமரியோ பல மெகாபைட் இருந்தது. லினக்ஸ் காலி இடத்தை 4, 8, 16 கிலோபைட் என்று இரட்டிக்கும் துண்டுகளாக எண்ணி வைக்கும். 'படிஇன்ஃபோ' கோப்பில் பார்த்தேன். முதல் கட்டங்களில் ஆயிரக்கணக்கில் துண்டுகள், ஏழாவதிலிருந்து எல்லாம் சைபர்.

வரும் வழியெல்லாம் மனைக்கல் நட்ட லேஅவுட்டுகள். காலி மனைக்குக் குறைவில்லை. சேர்ந்தாற்போல் எட்டு மனை கேட்டால்தான் திண்டாட்டம். மெமரியிலும் அதே கதைதான். வண்டியைப் படமெடுக்கும் கேமரா, பிராசஸரை எதிர்பாராமல் தானே மெமரியில் எழுதுவது. இடம் விட்டுவிட்டு இருந்தால் அதற்கு எழுதத் தெரியாது. 32 கிலோபைட் வரை என்றால் லினக்ஸ் விடாமல் தேடிப் பார்க்கும். அதற்கு மேல் கொஞ்சம் முயன்றுவிட்டுக் கைவிரித்துவிடும்.

கைவிரித்ததில் தப்பில்லை. கேமராவை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளின் மூல நிரலைத் திறந்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. இடம் கிடைக்காதபோது திருப்ப வேண்டியது மைனஸ் 12, 'மெமரி இல்லை' என்பதற்கான எண். அது பூஜ்யத்தைத் திருப்பியது. எல்லாம் நலம் என்று பொருள். அதை நம்பிய எடை மென்பொருள் பழைய படத்தையே அச்சடித்தது. குவாரியில் பதில் சொல்ல வேண்டியவர் இந்த ஓட்டுநர்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஒவ்வொரு வண்டிக்கும் புதிதாக இடம் கேட்டு, படம் எடுத்ததும் விட்டுவிடுகிறது. இரண்டையும் திருத்தினேன். டிரைவர் ஏறும்போதே 256 கிலோபைட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் மைனஸ் 12 சொல்லும், சீட்டில் படக் கட்டம் வெறுமையாக வரும். ஆனால் சிதறிய இந்த மெமரியில் புது டிரைவருக்கும் இடமில்லை.

"இப்ப அணைங்கண்ணே" என்றேன்.

கணினி எழுந்ததும் அதே லாரியை மறுபடி மேடையில் ஏற்றினோம். ஓட்டுநர் சீட்டை வாங்கி, எடையைப் பார்க்காமல் நம்பர் பிளேட்டைத்தான் முதலில் பார்த்தார்.