ஷேக்ஸ்பியர் என்னும் குடும்பப் பெயர்

நம் கல்லூரியில் பயின்றோருள் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றையேனும் பாடமாகக் கல்லாதார் அரியர். அவர்தம் கவிநயத்தை ஆசிரியர்கள் எடுத்துரைக்கக் கேட்டோம். அவர் காலத்து அரங்கின் அமைப்பைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ஆயின், அப்பெயர் எங்ஙனம் வந்தது, அதன் பொருள் யாது என வகுப்பில் எவரும் வினவியதாக எனக்கு நினைவில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டுமே முன்னிட்டெழுதி, அயல்நாட்டு விண்ணப்பத் தாள்களில் ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தைக் கண்டு திகைத்து நின்றவன் யான். அத்திகைப்பே ஆங்கிலரின் குடும்பப் பெயர்களை ஆராயத் தூண்டியது. அவற்றுள் அருகியே வழங்கும் இப்பெயர் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது.

1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே அந்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றியது. ஊரால் வந்தன சில; தந்தை பெயரால் வந்தன சில; கொல்லனைக் குறிக்கும் ஸ்மித் போலத் தொழிலால் வந்தன பல. இவையன்றி, அயலார் வேடிக்கையாக இட்ட பட்டப்பெயரே வழிவழியாக ஒட்டிக்கொண்டதும் உண்டு. ஷேக்ஸ்பியர் என்பது இவ்வினத்தது. ‘ஷேக்’ என்பது அசைத்தல். ‘ஸ்பியர்’ என்பது ஈட்டி. நீர் குடிப்பவன் எனப் பொருள்படும் டிரிங்க்வாட்டர், கோலை ஆட்டுபவன் எனப் பொருள்படும் வாக்ஸ்டாஃப் என்பனவும் இதன் உடன்பிறப்புக்களே. 1154-ல் நான்காம் ஏட்ரியன் என்னும் பெயருடன் போப்பரசராகிய ஒரே ஆங்கிலேயரின் இயற்பெயர் நிக்கலஸ் பிரேக்ஸ்பியர்; அதாவது, ஈட்டியை முறிப்பவர்! ஈட்டியை அசைத்தவன் போர்வீரனா, அன்றி வீண்சண்டைக்கு நிற்பவனா என்பதில் அறிஞர்கள் ஒருமைப்படவில்லை. இவ்விதழில் எழுதத் தகாத பொருளொன்றும் கூறுவாருளர்.

இப்பெயர் பூண்டாருள் ஏடுகளில் முதற்கண் காணப்படுபவர் பெருமைக்குரியவர் அல்லர். குளோஸ்டர்ஷயரில் கிளாப்டன் என்னும் ஊரினரான அவர் 1248-ல் கொள்ளைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரும் வில்லியமே! அதனினும் சுவையானது ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரியின் பதிவேட்டில் 1487-ல் எழுதப்பட்ட குறிப்பு. அக்கல்லூரியைச் சார்ந்த ஹியூ என்பார் ஷேக்ஸ்பியர் என்னும் தம் குடும்பப் பெயரை நீக்கி, சாண்டர்ஸ் என்று மாற்றிக்கொண்டார். பழைய பெயர் இழிவாக மதிக்கப்பட்டமையே காரணம் என்று அவ்வேடு இலத்தீனில் கூறுகின்றது. கற்றோர் அவையில் அப்பெயரைச் சொல்ல அவர் எத்துணை நாணினாரோ! கவிஞர் பிறந்தது அதற்கு 77 ஆண்டுகட்குப் பின்னர், 1564-ல். ஹியூவை நகைத்தற்கு எனக்கு மனமில்லை. தம் காலத்தார் நாவிற்கு அஞ்சாதார் எக்காலத்தும் சிலரே.

எழுத்தமைதி அக்காலத்தில் நிலைபெறவில்லை. 1582-ல் எழுதப்பட்ட திருமண உறுதிப் பத்திரத்தில் கவிஞரின் பெயர் ‘ஷாக்ஸ்பியர்’ என, ககரவொலி மெலிந்து, உருமாறி நிற்கின்றது. அவர் கைப்பட எழுதியனவாக இன்று ஏற்கப்படும் கையொப்பங்கள் ஆறு. அவற்றுள் ஒன்றேனும் நாம் இன்று எழுதும் எழுத்துக்களோடு முற்றும் ஒத்ததன்று. இன்றைய வடிவம் 1593-ல் அச்சான அவர்தம் முதற் காவியத்தின் காணிக்கையுரையில் உள்ளது. அதனை அச்சிட்டவர் அவ்வூரினரேயான ரிச்சர்ட் பீல்டு. அவர் தம் கையால் எழுதியவாறே எழுதுக எனப் பிற்காலத்தே ஒரு சாரார் வழக்காடினர்; 1873-ல் தோன்றிய ஓர் ஆராய்ச்சிக் கழகம் தன் பெயரிலேயே அம்மாற்றத்தைப் புகுத்தியது. அச்சுக் கோப்போர் வகுத்த வழியே வென்றது. தமிழர் மட்டும் வாளாவிருந்தனரா? செகசிற்பியார் என்றும் செகப்பிரியர் என்றும் எழுதி, ஈட்டியை அறவே ஒழித்து, அவரை உலகிற்கு இனியராக்கி விட்டனர். இம்மாற்றத்தை ஹியூ கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

இனிக் கூறப்போவதே என் நெஞ்சை வருத்திய செய்தி. கவிஞரின் தந்தை ஜான், கையுறை செய்து விற்றவர். தம் குடும்பத்திற்குக் குலச்சின்னம் பெற நெடுநாள் விழைந்தவர். 1596 அக்டோபர் 20-ஆம் நாள் அது எழுத்து வடிவில் வந்தது. பொன்னிறக் கேடயம், குறுக்கே கரிய பட்டை, அதன்மீது ஓர் ஈட்டி. மேலே சிறகு விரித்த வல்லூறு ஒன்றும் ஈட்டியைத் தாங்கி நிற்கும். ‘உரிமை இல்லாமல் அன்று’ என்பது அதற்கமைந்த வாசகம். இழிந்ததென ஒருவர் கைவிட்ட பெயர், இங்ஙனம் சித்திரமாகி மேன்மக்கள் வரிசையில் ஏறியது. ஆயின் அதனை வழிவழித் தாங்குதற்குரிய ஒரே பேரன், கவிஞரின் மகன் ஹாம்னெட், அதற்கு முன் ஆகஸ்டு 11-ஆம் நாளே புதைக்கப்பட்டிருந்தான். அவனுக்கு வயது 11.

கவிஞரின் தம்பியர் மூவரும் அவருக்கு முன்னரே இறந்தனர். 1616-ல் எழுதிய மரண சாசனத்தில் அவர் தம் நிலங்களை மூத்த மகள் சூசன்னாவுக்கும், அவளுக்குப் பின் அவள் வயிற்றில் பிறக்கும் முதல் மகனுக்கும், பின் இரண்டாமவனுக்கும், இவ்வாறே ஏழாம் மகன் வரைக்கும் என எண்ணி எண்ணி எழுதி வைத்தார். சூசன்னாவுக்கோ ஒரு மகளன்றி வேறு மகவில்லை. இளைய மகள் ஜூடித், தந்தை மறைந்த ஆண்டிலேயே ஈன்ற மகனுக்குத் தந்தையின் குடும்பப் பெயரையே இயற்பெயராக இட்டு, ஷேக்ஸ்பியர் குவைனி என்றழைத்தாள். அக்குழந்தை 1617 மே மாதத்தில் இறந்தது. அதன்பின் பிறந்த ஆண்மக்கள் இருவரும் 1639-ல் மாண்டனர். சூசன்னாவின் மகள் எலிசபெத் 1670-ல் மகப்பேறின்றி மறைந்தாள். அத்துடன் கவிஞரின் நேர்வழி அற்றது.

இப்பெயருடையார் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இன்றும் உளர். வாரிக்‌ஷயரில் அந்நாளில் பரந்து வாழ்ந்த பிற கிளையினரின் வழிவந்தோராதல் கூடும். கவிஞரின் மரபினர் அவருள் ஒருவரும் இலர்.