அளபெடை

மாவட்ட நீச்சற் போட்டியில் என் மகன் ஒரு சாண் இடைவெளியில் தோற்றான். நீரில் குதிக்குமுன் தோளையும் புயத்தையும் நெடுநேரம் இழுத்து நீட்டி நிற்குமாறு ஏவியவன் நானே. கை நீண்டால் வெற்றியும் எட்டும் என எண்ணினேன்.

பயிற்சியாளர் பின்னர் விளக்கினார். ஒரு தசையை அசையாமல் 60 நொடிக்குமேல் இழுத்து வைத்தால் அதன் வலு சற்று நேரம் தளருமாம். போட்டிக்கு முன் கைகளைச் சுழற்றி உடலைச் சூடேற்றுவதே நன்று. நீட்டற்பயிற்சியை அன்றாடம் நீந்தி முடித்தபின் செய்யலாம். தோள் இளகினால் கை தடையின்றி முன்னே செல்லும். ஆயினும் தோள் பந்துக்கிண்ண மூட்டு. அதைத் தாங்கும் சிறுதசைகள் வலுப்பெறாமல் மேலும் மேலும் இழுத்தால் நோவே மிஞ்சும்.

தோல்விக்கு அதுவே காரணம் என்று துணிந்து கூறேன். எனினும் செய்யுளில் ஓசை குறையுமிடத்து அதனை நிறைக்கவே செய்யுளிசை அளபெடை வரும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கும் நான், மகனின் தோளில் அவ்விலக்கணத்தை மறந்தேன்.

வழியில் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் அத்தா" என்றான்.

மாணவச் செல்வங்களே! முயற்சிக்கும் இடமும் அளவும் உண்டு. அவற்றை அறியும் அறிவை இறைவன் நமக்கு அருள்வானாக!