கல்லுக்குள் கிளிஞ்சல், கண்ணாடிக்குள் மாலை!

அரியலூர் என்றதும் வயதானவர்களுக்கு 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் நடந்த ரயில் விபத்து ஞாபகம் வரும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு சிமெண்ட் மூட்டை ஞாபகம் வரும். பெருமாள் பக்தர்களைக் கேட்டால், "பக்கத்திலேதானே நம்ம கல்லங்குறிச்சி!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கைவேலையில் ஆசை உள்ள சகோதரிகளும் ஒருமுறை அந்த ஊருக்குப் போய் வரலாம் என்பேன் நான். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

திருச்சியிலிருந்து விழுப்புரம் போகும் கார்டு லைனில் அரியலூர் ஸ்டேஷன். அங்கே இறங்கி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறினால் ஐந்தாறு கிலோமீட்டரில் கல்லங்குறிச்சி. வழியெல்லாம் சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள். சாலையோரச் செடிகளின் இலைகளில் மாவு சலித்தாற்போல வெள்ளைப் புழுதி. சோளமும் பருத்தியும் விளைகிற பூமியின் அடியில் இத்தனை கல்லா என்று ஆச்சரியமாக இருக்கும். அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு இந்த வட்டாரமே சிமெண்ட் வட்டாரம் ஆகிவிட்டது.

கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவருக்கு மற்றக் கோயில்களைப் போல விக்கிரகம் கிடையாது. பன்னிரண்டு அடி உயரக் கல் கம்பம்தான் பெருமாள்! கீழே ஆஞ்சநேயர் திருவுருவம். மங்கான் படையாட்சி என்பவருடைய மந்தையிலிருந்து சினைப் பசு ஒன்று காணாமல் போனதாம். மூன்று நாள் கழித்து, புதருக்குள் கிடந்த கம்பத்தின்மேல் தானாகப் பால் சொரிந்தபடி நின்றதாம். ஸ்தல வரலாறு அப்படிச் சொல்கிறது. இன்றைக்கும் குடியானவர்கள் முதல் விளைச்சலில் ஒரு பங்கைப் பெருமாளுக்கு என்று எடுத்து வைத்து, இங்கே கொண்டுவந்து காணிக்கையாகக் கொட்டுகிறார்கள். ராமநவமியை ஒட்டிப் பத்து நாள் உற்சவம், தேர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். நிதானமாகச் சேவிக்க வேண்டுமானால் சாதாரண நாளில் போவது உத்தமம்.

என்னோடு வந்தவள் என் அண்ணன் மகள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனசெல்லாம் 'ரெசின் ஆர்ட்' என்ற புதுக் கைவேலையில்தான்! கண்ணாடி போன்ற பிசினுக்குள் பூவையும் சங்கையும் பதித்து, சாவிக்கொத்து, டம்ளர் வைக்கும் தட்டு, கடிகாரம் என்று செய்கிறார்களே, அதுதான். கல்யாண மாலையையே அப்படிப் பதித்துத் தருகிறவர்களும் உண்டு.

"அத்தை, மாலையைப் பதிச்சுத் தர வெளியிலே ஆயிரக்கணக்கிலே கேக்கறாங்க. நானே செஞ்சா என்ன? எவ்வளவு ஆகிடப் போவுது?" என்று ரயிலிலேயே பிடித்துக்கொண்டாள்.

ஏழு கோடி ஆண்டுக் கைவேலை

இந்த ஊரின் பெயர் உலகத்துப் புவியியல் புத்தகங்களில் இருக்கிறது தெரியுமோ? இங்கே கிடைக்கிற சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கே 'கல்லங்குறிச்சி அடுக்கு' என்றுதான் பெயர். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இது கடல். கடலடிச் சேற்றில் புதைந்த சிப்பிகளும் கிளிஞ்சல்களும் சேற்றோடு சேர்ந்து இறுகிக் கல்லாகிவிட்டன. உள்ளங்கை அளவுக்குக் கனத்த சிப்பிகள், சொருகி வைத்தாற்போல வரிவரியாக அந்தப் பாறையில் தெரியும். நாம் சிமெண்ட் என்று பூசுவதில் அந்தச் சிப்பியும் ஒரு பங்கு!

பெரம்பலூர்ப் பக்கத்துக் கருடமங்கலத்தில் கிடைக்கும் கிளிஞ்சல் கல்லை வெள்ளைக்காரர் காலத்தில் 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்று அழைத்தார்கள். அதை அறுத்து, மெருகேற்றி, மேஜைப் பலகையும் காகிதம் பறக்காமல் வைக்கும் குண்டும் செய்தார்கள். கரும் பழுப்புக் கல்லில் வெள்ளைக் கிளிஞ்சல்கள் மிதக்கும். இன்று ரெசினில் நாம் தேடுகிற அழகு அதேதான். கடல் அதைச் செய்யக் கோடி வருஷம் எடுத்துக்கொண்டது. நமக்கு மூன்று நாள் போதும்!

குழந்தைகளோடு போகிறவர்கள் வாரணவாசியில் இருக்கும் அரசுப் புதைபடிவ அருங்காட்சியகத்தையும், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன பெரிய மரத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். சாத்தனூர் மரத்தை 1940-இல் கண்டு சொன்னவர் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். சுரங்கப் பள்ளங்களில் மட்டும் இறங்கவே கூடாது. கல்லைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்ளும் எண்ணமும் வேண்டாம். கண்ணால் பார்த்து வந்தாலே போதும்.

பிசின் என்றால் என்ன?

எபாக்ஸி நமக்குப் புதிதல்ல. உடைந்த பீங்கானை ஒட்ட இரண்டு குழாயைப் பிதுக்கிக் கலக்குவோமே, அந்த அரால்டைட்டும் எபாக்ஸிதான். 1940-களில் சுவிட்சர்லாந்தில் சந்தைக்கு வந்தது. கைவேலைக்கு விற்பது அதே ஜாதியைச் சேர்ந்த, தெளிவான, தேன் பதத்துத் திரவம். ஒன்று பிசின், மற்றது அதை இறுக்கும் திரவம். டப்பாவில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ, அந்த விகிதத்தில் துல்லியமாகக் கலக்க வேண்டும். எடைக் கணக்கா, அளவுக் கணக்கா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் திட்டத்துக்குக் கலந்தால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. கலந்ததும் தானே சூடேறும். வார்க்க நமக்குக் கிடைப்பது சுமார் அரைமணி நேரம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அதுவும் குறையும். மழைக்கால ஈரத்தில் மேலே மெழுகு படர்ந்தாற்போல மங்கலாகும். தொட்டுப் பார்க்க ஒரு நாள், முழுசாக இறுக மூன்று நாள் ஆகும்.

கணக்குப் பார்ப்போமா?

கோயில் வாசலில் உட்கார்ந்து நானும் அவளும் போட்ட கணக்கு இது. விலை கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிசினும் இறுக்கியும் சேர்ந்து 450 கிராம்: ரூ. 500
சிலிக்கோன் அச்சு இரண்டு: ரூ. 300
நிறப்பொடி: ரூ. 250
சிறிய மின்னணுத் தராசு: ரூ. 350
கலக்கும் கப், குச்சி: ரூ. 100
மேஜைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு: ரூ. 100
நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி: ரூ. 400
ஆவியை வடிகட்டும் முகமூடி: ரூ. 1,500
மொத்தம்: ரூ. 3,500

"முகமூடிக்கா ஆயிரத்தைநூறு? அதை விட்டுட்டா ரெண்டாயிரத்திலே முடிச்சிடலாமே அத்தை!" என்றாள்.

எல்லோரும் செய்கிற கணக்கு இதுதான்! கையுறையும் முகமூடியும் சேர்ந்து ரூ. 1,900, அதாவது பாதிக்கு மேல். ஆனால் குறைக்கக் கூடாத செலவும் அதுதான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். டம்ளர் வைக்கும் நாலு அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 70 கிராம் பிசின் வேண்டும். 450 கிராமில் ஆறு தட்டு. கப்பில் ஒட்டி வீணாவதைக் கழித்தால் ஐந்துதான் தேறும். நாலு தட்டு கொண்ட ஒரு செட்டுக்குப் பிசின் செலவே ரூ. 300-க்கு மேல் ஆகிறது. விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்கள், முதல் சில வார்ப்புகள் குமிழி விழுந்து வீணாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாலையைப் பதிக்க ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலக் கனம் என்று வைத்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் பிசின் பிடிக்கும். கிலோ ரூ. 1,200 என்றால் பிசினுக்கே ரூ. 3,000 தாண்டுகிறது. ஒரேயடியாகக் கனமாக ஊற்றினால் சூட்டில் புகைந்து வெடிப்பு விடும். அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். வெளியில் ஆயிரக்கணக்கில் ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

உடம்புக்கு உண்டான ஜாக்கிரதை

சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டால் தெரியும், ஈரச் சிமெண்ட் கையை எப்படி அரிக்கும் என்று. சிலருக்கு அது ஒவ்வாமையாகவே நின்றுவிடும். இறுகாத எபாக்ஸியும் அந்த ரகம்தான். முதல் பத்துத் தடவை ஒன்றும் செய்யாது. பதினோராவது தடவை விரல் இடுக்கிலும் கண் இமையிலும் சிவந்து, நமைந்து, கொப்புளிக்கும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. பிறகு ஒரு துளி பட்டாலே போதும். பாத்திரம் தேய்க்கிற கை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற கை! அதை ரூ. 400 கையுறைக்கு யோசித்து இழக்கலாமா?

துணி முகமூடி தூசியைத்தான் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஜன்னல் திறந்த அறையிலோ காற்றோட்டமான தாழ்வாரத்திலோ செய்யுங்கள். சமையலறை கூடவே கூடாது. கலக்கிய கப்பும் கரண்டியும் மறுபடி சமையலுக்குத் திரும்பக் கூடாது. தோலில் பட்டால் தின்னர் போட்டுத் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டு அலம்பிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். இறுகிய பிறகு உப்புக் காகிதம் தேய்த்தால் கிளம்பும் தூளும் நல்லதல்ல. நனைத்துத் தேய்ப்பது நல்லது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள். கர்ப்பிணிகளும், ஆஸ்துமா உள்ளவர்களும், கைக்குழந்தைக்காரர்களும் இப்போதைக்கு இதைத் தள்ளி வைப்பதே நல்லது.

இறுகின பிறகும் சில எல்லைகள் உண்டு. கொதிக்கக் கொதிக்கக் காபி டம்ளரை வைத்தால் பல ரகங்களில் வட்டத் தழும்பு விழும். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் மஞ்சளாகும். சாப்பாட்டுத் தட்டாக உபயோகிக்க வேண்டாம்.

என்ன முடிவு?

"அப்போ மாலை?" என்றாள் கவலையோடு.

மாலை ஒன்றுதான், இன்னொரு தடவை கிடைக்காது. கை பழகாதவர்கள் முதல் வார்ப்புக்கு அதைத் தொடவே கூடாது. பூவில் துளி ஈரம் இருந்தாலும் உள்ளே கறுத்துப்போகும். புதுப் பூவாக இருந்தால் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்து ஒன்றிரண்டு வாரம் உலர்த்த வேண்டும். இவளுடையது ஏற்கெனவே நிழலில் காய்ந்து பழுத்துவிட்டது. போன நிறத்தைப் பிசின் திருப்பித் தராது. ஆனால் மேற்கொண்டு உதிராமல் காப்பாற்றும்.

முழு மாலைக்கு ஆசைப்படாமல், ஒரு பிடி இதழை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் பாதி உருண்டை அச்சு ஒன்றுக்கு 100 கிராம் பிசின் போதும். கருடமங்கலத்துக் கல் குண்டு மாதிரி மேஜையில் அழகாக உட்காரும். முதலில் வேப்பங்கொழுந்து, வாசல் செம்பருத்தி என்று உலர்த்தி மூன்று தடவை ஊற்றிப் பார்க்கட்டும். குமிழி இல்லாமல் வந்தால் நாலாவது தடவை மாலை இதழ். தராசையும் அச்சையும் பக்கத்து வீட்டுத் தோழியோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். முகமூடியை மட்டும் பங்கு போடக் கூடாது!

அதற்கும் கையில் பணம் இல்லையென்றால், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் குழைத்து அதே அச்சில் வார்த்துப் பழகலாம். செலவு மிகக் குறைவு. பளபளப்பு வராதே தவிர, அச்சும் அளவும் கைக்கு வந்துவிடும்.

"முதல்லே வந்தது நல்லா இருந்தா பெருமாளுக்குக் கொண்டுவரலாமா அத்தை?" என்று கேட்டாள்.

"பெருமாளுக்குத் தானியம்தான் வழக்கம். உன் மாமியாருக்குக் கொடு, சந்தோஷப்படுவாங்க" என்றேன்.

ஆசை வந்த அன்றே கடைக்கு ஓடாமல், தேவையானதை ஒரு தாளில் எழுதி, எதிரே விலை போட்டு, கூட்டிப் பாருங்கள் சகோதரிகளே. அதில் கையுறைக்கும் முகமூடிக்கும் இடம் இருந்தால் தொடங்குங்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் பணம் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிசின் எங்கேயும் ஓடிப்போகாது!