முதலில் தூங்குங்கள்



வாழ்க்கையில் சமநிலை வேண்டுமென்றால் தினமும் அரை மணித்தியாலம் முன்னதாக எழும்பி, அமைதியாக இருந்து சிந்திக்க வேண்டுமாம். இந்த வாரம் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் இது எனக்கு வந்தது. அனுப்பிய மூவரும் ஆண்கள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்து ஆசிரியை ஒருவரின் நாளை ஒருக்கா பாருங்கள். சுபஹுக்கு முன்னரே அடுப்பு எரியும். காலைச் சாப்பாடு, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, மாமிக்கு மருந்து. பிறகு காத்தான்குடியிலிருந்து நாவற்குடாவுக்கு பஸ்ஸோ ஆட்டோவோ. ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கும்போது அவர் எழும்பி மூன்று மணித்தியாலம் ஆகியிருக்கும். ஒன்றரைக்கு விட்டு வந்தால் பகல் சாப்பாடு, அஸருக்குப் பிறகு டியூஷன், மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளின் படிப்பு, இஷாவுக்குப் பிறகு பாடக்குறிப்பு. இதற்குள் இன்னும் அரை மணித்தியாலத்தை எங்கே தேடுவது?

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். ஸல்மானுல் பாரிஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களைப் பார்க்கப் போகிறார்கள். வீட்டில் உம்முதர்தா (ரலி) அவர்கள் அலங்காரமில்லாத பழைய உடுப்போடு இருக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் நாட்டமில்லையே என்ற கருத்தில் பதில் வருகிறது. அபூதர்தா உணவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் நோன்பு என்கிறார். நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்கிறார் ஸல்மான். இரவில் அபூதர்தா தொழ எழும்புகிறார். தூங்குங்கள் என்கிறார். மறுபடி எழும்புகிறார், மறுபடியும் தூங்குங்கள். இரவின் கடைசிப் பகுதியில்தான் இருவரும் எழும்பித் தொழுகிறார்கள். பிறகுதான் ரப்புக்கும், உடலுக்கும், குடும்பத்துக்கும் உரிய ஹக்குகளைப் பற்றிய அந்தப் பேச்சு. ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்களும் சொன்னார்கள்.

பயான்களில் கடைசியில் வரும் அந்த ஹக்குகளைத்தான் விரித்துச் சொல்கிறார்கள். எனக்கு உம்முதர்தாவின் உடுப்புத்தான் மனதில் நிற்கிறது. அபூதர்தா இறைவனை நினைக்காதவரா? இரவெல்லாம் நின்றவர். இருந்தும் அவருடைய வீட்டில் எது குறைகிறது என்பது வெளியிலிருந்து வந்த விருந்தாளியின் கண்ணுக்குத்தான் பட்டது. அதற்கு அந்த விருந்தாளி கொடுத்த மருந்து என்ன? சாப்பாடு, தூக்கம்!

நம்மைப் போன்ற ஆசிரியர் ஒருவரையும் சொல்ல வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1091இல் பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவில் பொறுப்பேற்றவர். 1095இல் ஒரு நாள் வகுப்பில் நாக்கு எழும்பவில்லை. பாடம் சொல்ல முடியவில்லை, உணவும் இறங்கவில்லை. வைத்தியர்கள் இது உள்ளத்து நோய் என்று கைவிட்டார்கள். பதவியை விட்டுப் புறப்பட்டார். தனிமையைத் தேடிப் போனவரை ஊருக்குத் திரும்ப இழுத்ததில் பிள்ளைகளின் அழைப்புக்கும் பங்குண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். 1106இல் நைஸாபூரில் மறுபடி பாடம் சொன்னார்.

முஹாஸபா என்ற சுயகணக்கை அவர் வியாபாரத்தை வைத்துத்தான் இஹ்யாவில் விளக்குகிறார். பங்காளியோடு உட்கார்ந்து முதல், இலாபம், நட்டம் பார்ப்பதுபோல நஃப்ஸோடு கணக்குப் பார்க்கச் சொல்கிறார். பர்ளுகள்தான் முதல். காத்தான்குடிக் கடைக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை.

என் கணக்கு சின்னது. இஷா தொழுத அதே முஸல்லாவில் ஐந்து நிமிடம். இன்று யாருடைய ஹக்கு கடனாக நிற்கிறது? கணவரா, பிள்ளைகளா, வகுப்பில் கடைசி வாங்கில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளையா, என் முதுகா? சில நாட்களில் அந்தக் கடன் தூக்கத்துக்குத்தான். அன்றைக்குக் கொப்பியை மூடிவிட்டுப் படுத்துவிடுவேன். தனியாகப் பார்க்கும் கணக்கில் நமக்குச் சாதகமாகவே கூட்டிக்கொள்வோம் என்பதால் வெள்ளிக்கிழமை இரவுகளில் வீட்டாரிடமும் கேட்பேன். சின்ன மகள் ஒளிக்காமல் சொல்லுவாள். கணவரும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

இந்தச் சம்பவத்தை நேற்று ஆசிரியர் ஓய்வறையில் சொன்னேன். கொப்பி திருத்திக்கொண்டிருந்த எங்கள் சைவ சமய ஆசிரியை தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அந்த ஸல்மான் எங்கட வீட்டுக்கும் ஒருக்கா வருவாரோ மிஸ்?"