பத்தாம் நம்பருக்குப் பின்னால் இருவர்

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் எந்தக் கால்பந்து கிரவுண்டில் போய் நின்றாலும் பத்தாம் நம்பர் ஜெர்ஸிக்குத்தான் அடிதடி. பின்னால் நின்று பந்தைப் பிடுங்கும் ஆறாம் நம்பரைக் கேட்டு வாங்கிய பையனை நான் பார்த்ததில்லை. கோச்சாக என் வேலை தொடங்குவதே அங்கிருந்துதான்.

கற்பனையோடு ஆடுகிறவன் ஒருவன் கிடைத்ததும், பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் டீம்கள் உண்டு. எதிரணி இரண்டு பேரை அவன்மேல் ஒட்டவிட்டால் போதும், ஆட்டம் படுத்துவிடும்.

2019-20 ஐஎஸ்எல் சீசனில் சென்னையின் எஃப்சி நல்ல பாடம். இடதுகால் மாயக்காரர் கிரிவெல்லாரோ இருந்தும் முதல் நான்கு ஆட்டங்களில் டீம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. டிசம்பரில் ஓவன் காயில் கோச்சாகப் பொறுப்பேற்றார். ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். நடுவில் அனிருத் தாபாவும் எட்வின் வன்ஸ்பாலும் காவல் நிற்க, ஓரத்தில் சாங்தே பறக்க, பந்து கிரிவெல்லாரோவின் காலுக்கு வருமுன்பே ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் முன்னால் ஓடத் தொடங்கியிருப்பார். த்ரூ பாஸில் பாதிப் புகழ் ஓடுகிறவனுக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார். டீம் ஃபைனல்வரை போய் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றது.

பந்து வருமுன்பே சுற்றிப் பார்த்துவைக்க வேண்டும் என்பதை என் பையன்களுக்கு வாயால் சொன்னால் ஏறாது. பத்தாம் நம்பருக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பாஸ் வந்து சேருமுன் அவன் தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்து, "மூணு மாஸ்டர்!" என்று கத்த வேண்டும். கத்தாதவன் பந்தை வாங்கியபிறகுதான் திரும்பிப் பார்ப்பான். அதற்குள் டிஃபெண்டர் முதுகில் ஏறியிருப்பான்.

பந்து பறிபோனால் பத்தாம் நம்பர் நம் பாக்ஸ்வரை ஓடிவர வேண்டியதில்லை. ஆனால் சும்மாவும் நிற்கக்கூடாது. எதிரணியின் ஆறாம் நம்பருக்குப் போகும் பாஸை அடைத்து நிற்க வேண்டும். மீதி ஓட்டம் பின்னால் இருக்கும் இருவர் தலையில். "அவன் பாஸ் தப்பினா நான் ஏன் மாஸ்டர் ஓடணும்?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. "அவன் துணிஞ்சு போடுற பத்துல ஒண்ணு கோலாகும். நீ பின்னால இருக்கேன்னுதான்டா அந்தத் துணிச்சலே வருது" என்றேன். இதை டீம் மொத்தத்துக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அடுத்த சீசனில் வால்ஸ்கிஸ் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். 2021 ஜனவரியில் கிரிவெல்லாரோ காயத்தில் விழுந்தார். அந்த சீசனில் 20 ஆட்டங்களில் சென்னையின் எஃப்சி அடித்தது 17 கோல்தான். ஒருவனை நம்பிக் கட்டினாலும், அவன் இடத்துக்கு இன்னொருவனைத் தயார்செய்யாமல் நான் சீசனைத் தொடங்குவதில்லை.

நம் பக்கம் செவன்ஸ் டோர்னமென்ட் நடத்தும் அண்ணன்களே, அதிக கோல் அடித்தவனுக்குக் கோப்பை கொடுக்கிறீர்கள். அதிகம் பந்து பிடுங்கியவனுக்கும் ஒன்று வாங்கி வையுங்கள்.