தென்பெண்ணையின் அக்கா

கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. தெற்கே இறங்கி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாக எங்கள் கடலூர்க் கடலைச் சேர்வது தென்பெண்ணை. வடக்கே போய்க் கிழக்கில் திரும்பி, 597 கிலோமீட்டர் ஓடி நெல்லூர்ப் பக்கம் கடலில் விழுவது வடபெண்ணை. மங்கலம்பேட்டைக்காரனான எனக்கு ஆறு என்றால் அகன்ற மணல்வெளிதான். அதன் கூடப்பிறந்த ஆறு மலையையே பிளந்துகொண்டு போவதைக் காண ஆந்திரத்தின் கண்டிகோட்டாவுக்குப் போனேன்.

சென்னையிலிருந்து ரயிலில் கடப்பை. பிறகு பேருந்தில் ஜம்மலமடுகு. அங்கிருந்து ஆட்டோவில் 15 கிலோமீட்டர். கோட்டை வாசலைத் தாண்டினால் உள்ளே இன்றும் ஊர் இருக்கிறது. வீடுகளைக் கடந்து நடந்தால் மாதவராயர் கோயில் கோபுரம். கொஞ்சம் தள்ளி இரட்டை மினார்களுடன் ஜாமியா மசூதி, அதையொட்டிப் பெரிய தானியக் களஞ்சியம்.

மசூதியைத் தாண்டிப் பாறைகளில் ஏறி விளிம்புக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. கீழே, செங்குத்தாக வெட்டுண்ட சிவப்புச் சுவர்களுக்கு நடுவே வளைந்து செல்கிறது பெண்ணை. சூளையில் அடுக்கிய செங்கல் போலப் பாறை வரிவரியாக இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன்; விரலில் நறநறவென்று பட்டது மணல். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நீரடியில் படிந்து இறுகிய மணல் அது. படுக்கையாகக் கிடக்கும் அந்தப் பாறையில் நெட்டுக்குத்தாக வெடிப்புகள் ஓடுகின்றன. ஆறு அடியை அரிக்க அரிக்க, மேலே உள்ள கற்கள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகின்றன. அதனால்தான் கரைகள் சரிவாகாமல் சுவராகவே நிற்கின்றன.

இந்தச் சுவர்களை நம்பித்தான் பெம்மசானி நாயக்கர்கள் இந்தக் கோட்டையிலிருந்து ஆண்டார்கள். அதையும் கோல்கொண்டா சுல்தானின் அமைச்சர் மீர் ஜும்லா பிடித்தார். 1652இல் அவரைப் பார்க்க வந்த பிரெஞ்சு நகை வணிகர் தவெர்னியே, இதன் வலிமையை வியந்து எழுதியிருக்கிறார்.

கல்லும் பள்ளத்தாக்கும் இப்படிச் சேர்ந்திருக்கும் இன்னோர் இடமும் நினைவுக்கு வந்தது. பெரு நாட்டில் அரெகிப்பா என்ற பழைய நகரம் வெள்ளை எரிமலைக் கல்லால் எழுந்தது. அதற்கு அப்பால் கோல்கா பள்ளத்தாக்கு 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம். கண்டிகோட்டா அதன் முன்னே மிகச் சிறியது. ஆனால் இரண்டு இடத்திலும் மனிதர்கள் காலடிக் கல்லையே எடுத்து ஊர் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வண்டலில் தென்பெண்ணை பரந்தது. இந்தக் கல்லில் அதன் அக்கா ஆழ்ந்தாள். ஆற்றின் குணத்தில் பாதி, அது ஓடுகிற மண்ணின் குணம். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட விளிம்பில் நின்று பார்க்க வேண்டும். கடப்பை வெயில் தாழ்ந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்; விளிம்பில் மட்டும் அவர்கள் கையை விடாதீர்கள்.